யோட்டா ஐந்து

கூட்டர்ஸ்லோ மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சலவைக்கூடம்.
காலை ஐந்தரை.
பெயர் வில்லையில் பனாயோட்டா என்று முழுசாய் அடிக்க
இடமில்லை என்றார்கள்.
யோட்டா போதும் என்றேன்.
ஊரிலும் அப்படித்தான்.
சர்வ புனிதை என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு
தலையை நறுக்கி வாலைக் கூப்பிடுவார்கள்.
வால் ஓர் எழுத்து.
இருபத்துநாலில் ஒன்பதாவது.
ஒரு கோடு, மேலே புள்ளிகூடக் கிடையாது.

அலுவலகப் பெண் அதையே யோட் என்று சொல்லி
அடியில் கொக்கி வைத்து எழுதினாள்.
“உங்களுடையதுதான், நாங்கள் வளைத்துக்கொண்டோம்.”

நியேவெஸ் சரகோசாக்காரி.
என் வில்லையை, தொண்டையில் மீன்முள் சிக்கியவள்போல்
ஹோத்தா என்று வாசிப்பாள்.
மேற்பார்வையாளரிடம் என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வாக்கியம்:
இவளுக்கு ஜெர்மன் ஒரு ஹோத்தாவும் தெரியாது.
ஒரு யோட்டாவுமா, என்றார் அவர்.
என் பெயரை வைத்தே என்னை அளந்தார்கள்.
இம்மி. எள்முனை.
எந்த மொழிக்குப் போனாலும்
‘இல்லை’யின் பக்கத்தில்தான் எனக்கு இடம்.

கவாலாவில் எங்கள் வீட்டில் இரண்டு யோட்டா.
தம்பி ஸ்தாமாதிஸ் பத்தொன்பதில் பட்டாளத்துக்குப் போய்
இருபத்தேழாம் நாள் திரும்பினான்.
கையில் ஒரு தாள்.
தாளில் யோட்டா, பக்கத்தில் ஐந்து.
ஒன்று என்றால் முழுத் தகுதி. ஐந்து என்றால் ஆகாது.
அந்த யோட்டா
தகுதி என்ற சொல்லின் முதலெழுத்து என்பதுதான் வேடிக்கை.
காரணம் எழுதியிருக்கவில்லை.
ஊர் எழுதிக்கொண்டது.
காபிக்கடையில், படகுத்துறையில்,
கிறுக்கனுக்கு அதன்பின் வேறு சொல் தேவைப்படவில்லை.
யோட்டா ஐந்தின் அக்கா யோட்டா.
என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவன்
அந்த வாக்கியத்தில் முதல் யோட்டாவை மட்டும் கேட்டான்.

பள்ளியில் பழைய கிரேக்கம் உண்டு.
பெரிய உயிரெழுத்தின் காலடியில்
ஒரு குட்டி யோட்டா தொங்கும்.
எழுத வேண்டும். உச்சரிக்கக் கூடாது.
மறந்தால் அரை மதிப்பெண் போச்சு.

விருந்தாளி வந்தால் ஸ்தாமாதிஸ்
மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான்.
தாடி வைத்த ஆள், முழங்காலைக் கட்டிக்கொண்டு.
அம்மா ஒரு தட்டைக் கீழே நீட்டுவாள்.
யாரும் பேரைச் சொல்லமாட்டோம்.

ஒரு யோட்டா கூடுமா குறையுமா என்று
ஆயர்கள் ஒருகாலத்தில் நாடுகடத்தப்பட்டார்களாம்.
நமக்கு ஒன்று குறைந்தால் போதும், என்றார் அப்பா.
ஒரே ஒருமுறை.
சூப்புக் கிண்ணத்தைப் பார்த்து.

நீராவி உருளையின் மறுமுனையில் ஷ்மூனி.
மித்யாத் பக்கத்துக் கிராமம், வீட்டில் பேசுவது சுரியானி.
விரிப்பின் நாலு முனைக்கு எங்கள் நாலு கை.
மடித்து நெருங்குவோம், உதறி விலகுவோம்.
மூன்று மாதம் கழித்து வில்லையைப் பார்த்துக் கேட்டாள்:
யூத்?
எங்களிடமும் அதுதான் பொடிசு.
பிறகு, பிடி விடாமல்,
விரல்களை மட்டும் துணிமேல் அசைத்துக் காட்டினாள்.
ஈதோ, என்றாள்.
கை.

யாரோ முதலில் கையை வரைந்திருக்கிறார்கள்.
முன்கை, மணிக்கட்டு, விரல்கள்.
வரைந்து வரைந்து அலுத்து
விரல்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்திருக்கின்றன.
எங்கள் ஆட்கள் கப்பலில் ஏற்றி இறக்கும்போது
வந்துசேர்ந்தது பெயரும் ஒரு கோடும்.
அர்த்தத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை.
அது அந்தத் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னேன்:
ஸ்தாமாதி, நம் எழுத்துக்குக் கை என்று பொருளாம்.
அந்தப் பக்கம் வெகுநேரம்
வானொலியில் வானிலை ஓடியது. வடக்கு ஏஜியனில் காற்று, ஏழு.
அப்புறம் கேட்டான்:
இடதா, வலதா?

மறுநாள் ஷ்மூனியிடம் கேட்டேன்.
விரிப்பை வண்டியில் போட்டுவிட்டு
இரண்டையும் நீட்டி
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.